வாயைக் காட்டப் போனால் விரலை எண்ணுவது ஏன்?

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரம், என் மச்சாளின் மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேலுதட்டின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு. பால் குடிப்பதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலுள்ள ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் உதட்டைப் பார்த்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு காலுறையைக் கழற்றிக் கால்விரல்களை எண்ணினார், கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கான் எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவே மச்சாளின் அழைப்பு வந்தது. "உதட்டைக் காட்டப் போனா அவர் கால் விரலை எண்ணுறார். ஏனடி இது? நீதானே பயோ படிப்பிக்கிறனீ, சொல்லு."

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். தொலைபேசியில் அரைமணி நேரம் விளக்கியும் அவளுக்குத் திருப்தியில்லை. அன்று அவசரத்தில் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உதடு, விரல், சிறுநீரகம் மூன்றையும் தொடுப்பது கலத்தின் மேல் நிற்கும் ஒற்றை மயிர் போன்ற ஓர் உறுப்பு. அதற்கு முதன்மைப் பிசிர் என்று பெயர்.

பிசிர் என்ற சொல் இலங்கைப் பாடப்புத்தகச் சொல். தமிழ்நாட்டில் குற்றிழை என்பார்கள். எனக்குப் பிசிர்தான் பிடிக்கும். சேலைக் கரையில் நூல் ஒன்று பிரிந்து நீட்டிக்கொண்டு நிற்குமே, அதையும் நாங்கள் பிசிர் என்றுதானே சொல்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் படித்த பிசிர்கள் ஆடுபவை. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுபவை, பலோப்பியன் குழாயில் முட்டையை நகர்த்துபவை. ஒரு கலத்திலேயே கூட்டமாக இருக்கும். முதன்மைப் பிசிர் அந்த வகையில்லை. எங்கள் உடம்பின் பெரும்பாலான கலங்களில் ஒரு கலத்துக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ஆடாது. நீளம் சில மைக்ரோமீற்றர்கள் மட்டுமே. இருபதைத் தலைக்குத் தலை அடுக்கினால்தான் ஒரு தலைமயிரின் தடிப்பளவு வரும். உள்ளே நுண்புன்குழாய்கள் இரட்டை இரட்டையாக, ஒன்பது சோடிகள் வட்டமாக நிற்கின்றன. ஆடும் பிசிரில் வட்டத்தின் நடுவே இன்னும் இரண்டு குழாய்கள் இருக்கும். முதன்மைப் பிசிரில் அந்த நடுச்சோடி இல்லை. அதன் அடிவேர் ஒரு புன்மையத்தி. கலம் பிரிவதற்கு அந்தப் புன்மையத்தி தேவைப்படும், ஆகவே பிரிய முன்பு கலம் தன் பிசிரைச் சுருட்டி உள்ளே எடுத்துக்கொள்ளும். பிரிந்த பிறகு மறுபடி முளைக்கவிடும்.

சிம்மர்மான் என்ற உடற்கூற்றியலாளர் 1898இலேயே மனிதச் சிறுநீரகக் கலங்களில் இதைக் கண்டு எழுதிவிட்டார். அப்புறம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆடாத பிசிரால் என்ன பயன், பரிணாமத்தில் மிஞ்சிப்போன ஒரு குப்பை என்று ஒதுக்கிவைத்தார்கள். உடலியலில் குப்பை என்று சொல்லப்பட்ட பலதும் பிறகு மரியாதை பெற்றிருக்கின்றன. இதுவும் அந்த வரிசைதான்.

மரியாதை வந்தது குளத்துப் பாசி வழியாக. கிளமிடோமோனஸ் என்ற ஒற்றைக்கல அல்காவுக்கு இரண்டு சவுக்குமுளைகள் உண்டு, அவையும் நீண்ட பிசிர்கள்தான். அவற்றுக்குள் ஏதோ துணிக்கைகள் அடியிலிருந்து நுனிக்கும் நுனியிலிருந்து அடிக்கும் ஓடிக்கொண்டே இருப்பதை யேல் பல்கலைக்கழகத்தில் றோசன்பாம் குழுவினர் 1993இல் கண்டார்கள். பிசிருக்குள் புரதம் செய்யும் இறைபோசோம் கிடையாது. கட்டுமானப் பொருள், பழுதுபார்க்கும் பொருள் எல்லாம் கலத்திலிருந்து ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். விஞ்ஞானிகளே இந்தப் பொதிகளை ரயில் என்றுதான் அழைக்கிறார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றால் கோட்டைக்குப் போகும் ரயில் ஒரு தண்டவாளத்திலும், பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் மற்றதிலும் ஓடுவதைப் பார்க்கலாம். பிசிரிலும் அப்படியே. இரட்டைக் குழாயில் ஒரு குழாய் மேலே போவதற்கு, மற்றது கீழே இறங்குவதற்கு. மோதாமல் ஓடும் இரகசியம் இதுதான் என்று 2016இல் தெரியவந்தது.

2000ஆம் ஆண்டில் ஒரு விடயம் பிடிபட்டது. அந்த அல்காவின் ரயிலில் உள்ள ஒரு புரதம், எலிகளிலும் இருக்கிறது. அதன் பரம்பரையலகு, அதாவது மரபணு, பழுதான எலிகள் ஆய்வுகூடங்களில் ஏற்கெனவே இருந்தன. அவற்றின் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். பார்த்தால், சிறுநீரகக் கலங்களின் பிசிர்கள் கட்டையாகக் குறுகிப்போயிருந்தன. அதே எலிகளுக்குக் கால்விரல்கள் கூடுதலாக இருந்தன, பற்களும் கூடுதலாக இருந்தன. மச்சாளின் கேள்விக்கு அரைவாசிப் பதில் இந்த எலிகளிடமே இருக்கிறது.

மீதி அரைவாசிக்கு முகம் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

கருத்தரித்து நான்கு கிழமை ஆகும்போது முளையம் ஒரு பயற்றம் விதையளவு. முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாய் வரப்போகும் பள்ளத்தைச் சுற்றி ஐந்து மேடுகள் மட்டும் தெரியும். மேலே நெற்றிக்கும் மூக்குக்குமான ஒன்று, பக்கத்துக்கொன்றாக மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. இந்த மேடுகளை நிரப்புபவை நரம்பு முகட்டுக் கலங்கள். மூளையாக மாறப்போகும் குழாயின் முதுகு விளிம்பில் பிறந்து, அங்கிருந்து கழன்று, இடம்பெயர்ந்து வந்து முகத்தில் குடியேறுபவை. ஊர்விட்டு வந்து கொழும்பைக் கட்டிய எங்கள் சனம் மாதிரி என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். முக எலும்பின் பெரும்பகுதி இந்தக் குடியேறிகள் செய்ததுதான்.

பிறகு மேடுகள் வளர்ந்து நடுவை நோக்கி வந்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மூக்குக்குக் கீழே மேலுதட்டில் விரல் வைத்தால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். மூக்குக்கான மேட்டிலிருந்து எழும் உட்பக்க மேடுகள் இரண்டும் சேர்ந்த இடம் அது. அந்தப் பள்ளத்தின் இரு கரைகளிலும் மேல்தாடை மேடுகள் வந்து ஒட்டும். ஏழாம் கிழமை அளவில் மேலுதடு முடிந்துவிடும். அண்ணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். நாக்கின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு தட்டுகள் மேலே நிமிர்ந்து, கிடையாகி, நடுவில் ஒட்ட வேண்டும். 12ஆம் கிழமை அளவில் அதுவும் முடியும்.

வழக்கமாக நாங்கள் காணும் உதட்டுப் பிளவு பள்ளத்தின் கரையில், அதாவது இடமாகவோ வலமாகவோதான் இருக்கும். மேல்தாடை மேடு வந்து ஒட்டத் தவறிய இடம் அது. உலகளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்றில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ காணப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தனியாக வருபவை, பிசிரோடு சம்பந்தமில்லாதவை, சத்திரசிகிச்சையால் அழகாகச் சரியாக்கப்படுபவை. நேர் நடுவில் வரும் வெட்டு அரிது. டொக்டரின் கையைக் காலுறைக்குக் கொண்டுபோனது அந்த 'நடு'தான்.

சரி, முகத்தின் நடுவை யார் தீர்மானிப்பது? இங்கேதான் ஒரு முள்ளெலி வருகிறது. 1980இல் பழ ஈக்களை ஆராய்ந்த இருவர், ஒரு பரம்பரையலகு பழுதானால் ஈப்புழுவின் உடம்பு முழுக்க முட்களாவதைக் கண்டு அந்தப் பரம்பரையலகுக்கு முள்ளெலி என்று பெயர் வைத்தார்கள். நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற அந்த இருவரும் 1995 நோபல் பரிசைப் பகிர்ந்தவர்கள். முள்ளந்தண்டு உள்ள விலங்குகளில் இதே குடும்பப் பரம்பரையலகு ஒன்று கிடைத்தபோது, வீடியோ கேமில் ஓடும் நீல முள்ளெலியின் பெயரைச் சூட்டி 'சொனிக் முள்ளெலி' ஆக்கிவிட்டார்கள். குழந்தைக்குக் குறை என்று வந்து நிற்கும் பெற்றோரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய டொக்டர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சொனிக் முள்ளெலி ஒரு சமிக்ஞைப் புரதம். முளையத்தின் முன்மூளையின் அடிப்பகுதியும் முகத்தோலின் சில பகுதிகளும் அதைச் சுரக்கும். பக்கத்துக் கலங்கள் அதைப் பெற்று, தாங்கள் எவ்வளவு வளர்வது, என்னவாக மாறுவது என்று முடிவெடுக்கும். கையிலும் இதே புரதம்தான். சின்னவிரல் பக்கம் சுரந்து, எது சின்னவிரல் எது பெருவிரல் என்று நிர்ணயிக்கிறது.

இந்தச் சமிக்ஞை குறைந்தால் முகம் ஒடுங்கும். அமெரிக்காவின் ஐடஹோவில் 1950களில் ஆட்டுக்குட்டிகள் ஒற்றைக்கண்ணோடு பிறந்தன. தாய் ஆடுகள் சினைப்பட்டு 14ஆம் நாள் அளவில் மலையில் வளரும் ஒருவகைக் காட்டுச்செடியைத் தின்றதால் வந்த வினை அது. செடியிலிருந்த நஞ்சு முள்ளெலிச் சமிக்ஞையை அடைக்கிறது என்பது 1990களின் இறுதியில்தான் புரிந்தது. அதே வழியை அடைக்கும் ஒரு மருந்து 2012 முதல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. மனிதரிலும் சமிக்ஞை குறைந்தால் கண்கள் நெருங்கும், நடுவில் ஒரேயொரு முன்பல் வரும். கடுமையானால் மூளையின் முன்பாதி இரண்டாகப் பிரியாது.

பிசிருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நியூயோர்க்கில் கத்ரின் அண்டர்சனின் ஆய்வுகூடம் முளையம் கோணலாக வளரும் எலிகளைத் தேடிக்கொண்டிருந்தது. 2003இல் அவரும் அவருடைய ஆய்வுகூடத்து ஹுவாங்ஃபூவும் சில எலிகளில் முள்ளெலிச் சமிக்ஞை கெட்டிருப்பதையும், பழுதான பரம்பரையலகுகள் எல்லாம் பிசிருக்குள் ஓடும் அந்த ரயிலுக்கு உரியவை என்பதையும் கண்டார்கள். குளத்துப் பாசியின் ரயிலும் முகத்தின் நடுவும் ஒரே கதையில் வந்து நின்றன. பழ ஈயில் இத்தனை காலம் இது பிடிபடாததற்குக் காரணம் எளிது. ஈயின் பெரும்பாலான கலங்களில் பிசிரே இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் விவரம் தெளிந்தது. சமிக்ஞை இல்லாதபோது பிசிரில் 'பட்ச்ட்' என்ற வாங்கி, அதாவது சமிக்ஞையை ஏற்கும் புரதம், காவல் நிற்கும். 'ஸ்மூதெண்ட்' என்ற இன்னொரு புரதத்தை உள்ளே விடாது. முள்ளெலிப் புரதம் வந்து வாங்கியில் ஒட்டினால் காவல் விலகும், ஸ்மூதெண்ட் பிசிருக்குள் ஏறும், செய்தி கலத்தின் கருவுக்குப் போகும்.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது: அப்படியானால் பிசிர் ஒரு அன்டெனா. இணையத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த உவமை போதவில்லை. வீட்டுக் கூரை அன்டெனா முறிந்தால் படம் வராது, அவ்வளவுதான். பிசிர் வெறும் அன்டெனா என்றால், அது இல்லாத முகம் ஐடஹோ ஆட்டுக்குட்டியின் முகம் மாதிரி ஒடுங்க வேண்டும். நடப்பது நேர்மாறு. எலியின் நரம்பு முகட்டுக் கலங்களில் மட்டும் பிசிரை இல்லாமல் செய்து பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவு: முகத்தின் நடுப்பகுதி அகன்றது, கண்களும் மூக்குத்துவாரங்களும் ஒன்றைவிட்டொன்று விலகின, அண்ணம் பிளந்தது. சமிக்ஞை குறைந்ததால் வந்த முகமாக இது தெரியவில்லை. கூடிப்போன முகம்தான் இப்படி இருக்கும்.

இந்தப் புதிருக்கு விடை சொல்ல ஒரு கிளி வேண்டும். முள்ளெலிச் செய்தியைக் கலக்கருவுக்குள் கொண்டுபோகும் புரதங்களுக்கு ஆங்கிலத்தில் 'க்ளீ' என்று பெயர். வகுப்பில் நான் கிளி என்றே சொல்வேன், யாரும் மறப்பதில்லை. கிளி எப்போதும் பிசிர் வழியாகப் போய்வருகிறது. முள்ளெலி வந்திருந்தால் முழுக்கிளியாகக் கருவுக்குள் போய், வளர்ச்சிக்கான பரம்பரையலகுகளை 'ஓடு' என்று முடுக்கிவிடும். முள்ளெலி வராவிட்டால் பிசிரின் அடியில் வைத்துக் கிளியின் வாலை வெட்டுகிறார்கள். இது உவமைக்காகச் சொன்னதில்லை, புரதத்தின் வால்பகுதி உண்மையாகவே கத்தரிக்கப்படுகிறது. வால் வெட்டிய கிளி சும்மா இருக்காது. அதுவும் கருவுக்குள் போய், அதே பரம்பரையலகுகளின் மேல் உட்கார்ந்து 'ஓடாதே' என்று அடைத்துவைக்கும்.

அதாவது பிசிரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஆம் என்று சொல்வதும் அங்கேதான், இல்லை என்று சொல்வதும் அங்கேதான். பிசிர் போனால் இரண்டும் போகும். 'ஆம்' என்பதை நம்பியிருக்கும் இடத்தில் ஒன்றும் நடக்காது. 'இல்லை' என்பதை நம்பியிருக்கும் இடத்தில் தடுக்க ஆளில்லாமல் எல்லாம் கூடிப்போகும். முகத்தின் நடுப்பகுதியின் அகலத்தை அளவோடு வைத்திருப்பதில் இந்த 'இல்லை'க்குப் பெரிய பங்கு. பெருவிரல் பக்கத்தில் வேண்டாத விரல் முளைக்காமல் காப்பதும் அதே இல்லைதான். முகம் அகல்வதும் விரல் கூடுவதும் ஒரே பிள்ளையில் சேர்ந்து வருவது இதனால்தான்.

இதை நேரில் காட்டும் ஒரு கோழி இருக்கிறது. டால்பிட் என்ற விகாரக் கோழிக்குஞ்சு, அதாவது பரம்பரையலகு மாறிய குஞ்சு. அகழெலிக்கு இலத்தீனில் டால்பா, குஞ்சின் கால் அதன் கால் மாதிரி அகன்று விரல் நிறைந்து இருப்பதால் வந்த பெயர். முகமும் அகன்றது. அதில் இரண்டாம் வகையின் முளையத்தில் முதலைப் பல்லைப் போன்ற பல் அரும்புவதை 2006இல் கண்டார்கள். கோழிக்குப் பல்! பிறகு அந்தக் கோழியில் பழுதான பரம்பரையலகு எது என்று பார்த்தால், புன்மையத்தியிலிருந்து பிசிர் முளைக்கத் தேவையான ஒன்று. அதே பரம்பரையலகு பழுதான மனிதக் குழந்தைகளும் 2014இல் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களுக்கு வந்த நோய் வாய்-முகம்-விரல் தொகுதி நோய்களில் ஒரு வகை.

அந்தப் பெயரிலேயே மச்சாளின் கேள்வி ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். வாய், முகம், விரல். இந்தக் குடும்பத்தில் அதிகம் அறியப்பட்ட முதலாம் வகை, எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஒரு பரம்பரையலகின் விகாரத்தால் வருவது. அந்தப் பரம்பரையலகு எது என்று 2001இல் தெரிந்தது. ஒரே எக்ஸ் உள்ள ஆண் முளையங்கள் பெரும்பாலும் பிறக்க முன்பே இறந்துவிடும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒவ்வொரு கலமும் ஏதோ ஒன்றை அணைத்துவைக்கும். நல்லதை வைத்திருக்கும் கலங்கள் வேலையைக் கொண்டுபோகும், ஆகவே பெண் குழந்தைகள் பிறக்கிறார்கள். மேலுதட்டின் நடுவில் வெட்டு, மடல் மடலாகப் பிரிந்த நாக்கு, உதட்டுக்கும் பல்முரசுக்கும் இடையில் கூடுதல் தசைக்கயிறுகள், கட்டையான அல்லது வளைந்த அல்லது ஒட்டிய விரல்கள். பலருக்கு வளர்ந்த பிறகு சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும். சிறுநீரகக் குழாய்களின் கலங்களிலும் பிசிர் இருக்கிறதல்லவா.

பிசிர் பழுதால் வரும் நோய்கள் பல. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை முகத்தை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். எல்லிஸ்-வான் கிரெவெல்ட் நோயில் மேலுதடு முரசோடு ஒட்டியிருக்கும், சில குழந்தைகள் பல்லோடு பிறப்பார்கள், கையில் ஆறாம் விரல் இருக்கும், பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதயத்தில் குறை. பார்டெட்-பீடில் நோயில் முகமாற்றம் மெல்லியது. அங்கே முன்னுக்கு வருவது பார்வை இழப்பு, உடல் பருமன், கூடுதல் விரல். விழித்திரையின் ஒளி உணரும் பாகமே உருமாறிய ஒரு பிசிர்தான். சென்சன்பிரென்னர் நோயில் மண்டையோட்டு எலும்புகள் சேரும் தையல்கள் நேரத்துக்கு முந்தி மூடி, தலை நீண்டு ஒடுங்கும்.

மச்சாள் இரண்டாவதாகக் கேட்டது, "சொந்தத்துக்குள்ள செய்ததாலயோ?" மகளுக்குக் கட்டிக்கொடுத்தது சொந்த மாமன் மகனை. நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்ல வேண்டும். எல்லிஸ்-வான் கிரெவெல்ட், பார்டெட்-பீடில் போன்றவை பெரும்பாலும் பின்னிடைவானவை. தாயும் தகப்பனும் பழுதான பிரதி ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒரே பாட்டன் பாட்டியின் வழியில் வந்த இருவரிடம் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூட, அதனால் சொந்தத் திருமணத்தில் இவற்றின் அபாயம் கூடும். வாய்-முகம்-விரல் முதலாம் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு பழுதான பிரதியே போதும். அதுவும் பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையில் புதிதாக வருவது.

மூன்றாவதாக அவள் கேட்கவில்லை, சொன்னாள். "மார்கழிக் கிரகணத்தண்டைக்கு அவள் குசினியில கத்தி பிடிச்சவள். நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை." 2019 டிசம்பர் 26, யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம். நான் நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு மகளுக்கு ஐந்தாம் மாதம். உதடு மூடும் காலம் கருத்தரித்து ஏழாம் கிழமையோடு முடிந்துவிட்டது. அவள் கத்தியைத் தூக்கியபோது அந்த வெட்டு ஏற்கெனவே அங்கே இருந்தது. மச்சாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவளை நான் சும்மா ஏசினனானோ" என்றாள்.

ஸ்கானில் சிறுநீரகம் இரண்டும் சுத்தம். விரல்கள் எண்ணிக்கையில் சரி, இடது கையில் ஒன்று மட்டும் சற்று வளைந்திருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கானது. முதலாம் வகைதான். தாயிடம் அந்த விகாரம் இல்லை. உதட்டைத் தைத்தாயிற்று, நாக்கின் கயிறுகளை வெட்டியாயிற்று. பிசிரைத் திருத்த மருந்து கிடையாது, ஆகவே வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்க்கிறார்கள். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கிளினிக் அறைக்குள் நுழைந்ததும் யாரும் கேட்க முன்பே சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டுகிறாளாம்.